வரியிறால் கொலை வழக்கு

ஆழிமங்கலம் என்று ஒரு கடற்கரை நாடு. பெரிய நாடெல்லாம் இல்லை. அரண்மனையில் ராஜா தும்மினால் எல்லைக் காவலன் "நூறாயுசு" என்பான், அவ்வளவுதான். ராஜா வெண்மாறனுக்குப் போரில் நாட்டமில்லை. அவன் உயிர் ஒரு கல்தொட்டியில் இருந்தது. அதில் கடல்நீர் நிரப்பி, பவளப்பாறை அடுக்கி, ஒரு ஜோடி வரியிறால் விட்டிருந்தான். உடம்பெல்லாம் கோயில் மதில் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. முழ நீளத்துக்கு மீசை என்று சொல்வார்கள். விரல் நீளம் நிச்சயம் இருக்கும்.

ஒருநாள் காலை பாறையடியில் ஓர் இறால் மல்லாந்து கிடந்தது. தொட்டிக்குப் பொறுப்பான அமைச்சர் காரியார் எட்டிப் பார்த்தார்.

"ஒன்று போய்விட்டது, அரசே."

சங்கு ஊதி, கை படாமல் கரண்டியால் அள்ளிப் பட்டில் சுற்றினார்கள். அரசனே முன்னால் நடந்து போய் நந்தவனத்தில் அடக்கம் செய்தான். மறுநாள் கடலிலிருந்து புது இறால் வந்தது. சில வாரத்தில் இன்னொரு சாவு, இன்னொரு புது இறால். இப்படியே பத்தொன்பது.

உயிரோடிருக்கும் அரச உடைமையை எண்ணினால் கண்ணேறு படும் என்பது அந்த அரண்மனை வழக்கம். ஆகவே செத்ததை மட்டும் எண்ணினார்கள்.

இதற்குள் தொட்டியில் சண்டை முற்றிவிட்டது. ஒன்றைக் கண்டால் இன்னொன்று இடுக்கியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கால் ஒன்று தனியாக மிதக்கும், மீசை ஒன்று தனியாக மிதக்கும். அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டியைப் பராமரித்த பரதவன் மாசிலானைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"கொலை செய்வது எது? சொல்!" என்றான் அரசன்.

"கொலைன்னு ஒண்ணும் நடக்கலீங்க, ராசா. அது வந்து…"

"கேட்டதற்கு மட்டும் பதில்!" என்றார் காரியார். "பார்த்தீர்களா, அரசே? மறைக்கிறான். இவன்தான் சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறான்."

அரசன் தீர்ப்புச் சொன்னான். "அடுத்த பௌர்ணமிக்குள் கொலையாளி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இவன் குடும்பத்தோடு கரட்டுமேட்டுக்குப் போகட்டும்."

கரட்டுமேடு நாட்டின் மறுகோடி. அங்கே கடல்காற்று எட்டாது. மீனைப் படத்தில்தான் பார்க்கலாம். அதுவரை மாசிலானைச் சிறையில் வைத்தார்கள்.

அந்தச் சபையில் நக்கன் என்றொருவன் இருந்தான். அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. சம்பளம் மட்டும் நேரத்துக்குப் போய்விடும். அவன் சிறைக்குப் போய் மாசிலானோடு அரைநாள் பேசிவிட்டு வந்தான்.

"அரசே, வழக்கை நான் விசாரிக்கிறேன். ஒரு சிறு தொட்டி வேண்டும். ஒரே ஓர் இறால் வேண்டும். மேலே செப்புவலை போட்டு உங்கள் முத்திரை வைக்க வேண்டும். இரை மட்டும் உங்கள் கையாலேயே வலைக்கண் வழியாகப் போடுங்கள்."

காரியார் சிரித்தார். "தனியாக இருக்கும் இறாலை யார் கொல்வார்களாம்?"

"அதைத்தான் பார்க்கப் போகிறோம், காரியாரே."

இருபத்துமூன்றாம் நாள் காலை இரை போடப் போன அரசன் அலறிய அலறலில் யானைக் கொட்டிலில் யானை எழுந்துகொண்டது. சபையே ஓடியது. முத்திரை உடையவில்லை. வலை அறுபடவில்லை. உள்ளே இறால் மல்லாந்து கிடந்தது.

"ஐயோ, இருபது!" என்றார் காரியார்.

"எடுத்துப் பாருங்கள், அரசே" என்றான் நக்கன்.

அரசன் முத்திரையை உடைத்து அதைக் கையில் எடுத்தான். கனமே இல்லை. மீசை இருந்தது, கால் இருந்தது, கண்ணிருந்த இடம்கூட இருந்தது. உள்ளே சதை இல்லை. வெறும் ஓடு.

நக்கன் தொட்டிக்குள் இருந்த கல்லை மெல்லப் புரட்டினான். அடியில் ஓர் இறால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. புது வர்ணம் அடித்த மாதிரி பளபளப்பு.

"கொலையாளி இதோ. கொலையுண்டவரும் இவரேதான். வளரும்போது பழைய சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார். புதுச்சட்டை இறுகும்வரை வெளியே தலைகாட்ட மாட்டாராம்."

அரசன் கையிலிருந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்படியென்றால்… அந்தப் பத்தொன்பது?"

"எல்லாம் சட்டைதான், அரசே. நாம் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு புது இறால் விட்டோம். ஜோடி சேர்ந்த இரண்டு இருக்கும் பாறைக்கு மூன்றாவது வந்தால் அவை விடாது. நாம் ஊரையே கொண்டுவந்து இறக்கினோம். நிஜமான சண்டை அதற்கப்புறம் வந்ததுதான்."

"எத்தனையை எடுக்க வேண்டும்? எண்ணக் கூடாதே!"

"எண்ண வேண்டாம். ஒட்டிக்கொண்டே திரியும் ஒரு ஜோடியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கடலில் விடச் சொல்லுங்கள்."

அரசன் முகம் தெளிந்தது. ஆனாலும் அரசன் அல்லவா? "என் வாக்கு வாக்குதான். பழி மாசிலான் மேல் இல்லை. அப்படியானால் குற்றவாளி யாரோ, அவர் கரட்டுமேட்டுக்குப் போயாக வேண்டும். யார், நக்கா?"

காரியார் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்துப்போனது என்று சொன்னவர் காரியார்" என்றான் நக்கன். "அதை நம்பிப் பத்தொன்பது தடவை முதல் ஆளாக அழுதவர் தாங்கள். இருவரில் யார் மூட்டை கட்டுவது என்று தாங்களே சொல்லிவிட்டால் வண்டி பூட்டச் சொல்கிறேன்."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "அந்த இறால் ஓட்டை அனுப்புங்கள், கரட்டுமேட்டுக்கு!" என்றான். நக்கனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

அரசன் மாசிலானைச் சிறையிலிருந்து வரவழைத்தான். "இத்தனை நாளும் இதை ஏனய்யா சொல்லவில்லை?"

"கேட்டதுக்கு மட்டும்தானே பேசலாம், ராசா? இதை யாரும் கேக்கலீங்களே."

"சரி, உனக்கு என்ன வேண்டும்? தயங்காமல் கேள்."

"கேக்காமலே பேசலாம்னு ஒரு உத்தரவு போடுங்க, ராசா."

"கொடுத்தேன்."

மாசிலான் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மொதல்ல, அந்தத் தொட்டியை வச்ச எடமே தப்புங்க" என்று ஆரம்பித்தான்.

சபை கலைய மூன்று நாளாயிற்று.