ஆமை நடந்து முடியும்வரை

ரோமாபுரிக்கு அப்பால், ஆற்றங்கரைக் காடு ஒன்றில் ராஜாவே கிடையாது, குழந்தைகளே. எல்லாம் சபைதான். ஒருவர் பேச்சு சரியென்று பட்டால், மற்றவர்கள் நடந்துபோய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள பக்கமே தீர்ப்பு. ஆனால் கடைசிக் கால் நடந்து நிற்கும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஒரு நாள் ஓநாய் தன் குட்டிகளோடு உறுமிக்கொண்டு சபைக்கு வந்தது.

"இந்த வாத்து கத்தியதில் என் இரை ஓடிப்போனது. என் குட்டிகள் பட்டினி! இவளைக் காட்டைவிட்டே துரத்துங்கள்!"

"பருந்தின் நிழலைப் பார்த்துப் பயந்து கத்திவிட்டேன், அண்ணா. முட்டைகள் இன்னும் பொரியவில்லையே, அவற்றை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?" என்று அழுதது வாத்து.

"இன்று ஓநாயாரின் இரை போயிற்று. நாளை யாருடையதோ!" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது நரி. அதற்கு அந்த முட்டைகள்மேல் ஒரு கண்.

கரடிக்குக் கோபம் ஏறியது. காட்டுப்பன்றிக்கும் ஏறியது. எல்லாரும் ஓடிப்போய் ஓநாய் பக்கம் நின்றார்கள். வாத்தின் பக்கம் வெறும் புல்தான்.

ஆமை மட்டும் வாத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது.

"ஆமையாரே, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருவீரா?" என்று நரி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"சேருவேன் அப்பா, சேருவேன். போன கோடையில் காடு எரிந்தபோது இவள் கத்தினாளே, அதனால்தானே உயிரோடு இருக்கிறேன்? கரடியார் என்னை ஆற்றுக்கு உருட்டிவிட்டார். அந்தப் புண்ணியமும் உண்டு" என்றபடி ஆமை இன்னோர் அடி வைத்தது.

கரடி தலையைச் சொறிந்தது. "அன்றைக்கு நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பியதே இவள் குரல்தான்."

"சட்டென்று தீர்ப்பைச் சொல்லுங்கள்!" என்று பதறியது நரி.

"ஆமை இன்னும் நடக்கிறதே, உனக்கென்ன அவசரம்?" என்றது காட்டுப்பன்றி.

கரடி எதிர்ப்பக்கம் போனது. பன்றியும் பின்னாலேயே போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராய் நகர்ந்தார்கள்.

ஓநாய் தன் குட்டிகளைப் பார்த்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அன்று அவற்றை ஒவ்வொன்றாய் வாயில் கவ்வி ஆற்றங்கரை சேர்த்தது. அதன் உறுமல் அடங்கியது.

ஆமை வாத்திடம் போய்ச் சேர்ந்தபோது, ஓநாய் அதற்கு முன்பே அங்கே நின்றிருந்தது. எதிரே நரி மட்டும் தனியாய்.

"முட்டைகள் குளிர்ந்துவிடப் போகின்றன. போ, தங்கச்சி" என்றது ஓநாய்.

வாத்து வானத்தைப் பார்த்து நன்றியோடு ஒருமுறை தலை தாழ்த்திவிட்டுக் கூட்டுக்கு ஓடியது.

நீதி: கோபம் ஓடி வரும், நன்றி மெல்ல நடந்து வரும், அது வந்து சேரும்வரை தீர்ப்புச் சொல்லாதே.