உடம்புக்குத் தெரியாத விஷம்

எங்கள் மடத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பழக்கம் உண்டு. இலை போட்டதும் ஒவ்வொருவரும் வாய்விட்டு யாராவது ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சாமி பெயரைச் சொன்னால் செல்லாது. குழல்மொழி அம்மா வைத்த சட்டம் அது. சோறு ஆறிப்போகிறதே என்று நான் முணுமுணுப்பேன். யார் கேட்டார்கள்?

நான் செண்பகம். மடத்துச் சமையல் என் பொறுப்பு. அம்மாதான் எங்கள் குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. டாக்டருக்குப் படித்தவர். இப்போதும் காலையில் மடத்து வாசலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பார்.

சீடர்களில் வயதில் மூத்தவர் சொரிமுத்து அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர். லாரி ஓட்டி அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தார். மாட்டுத் தொழுவமும் எருக்குழியும் அவர் பார்க்கிற வேலை. மடத்துக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. அண்ணாச்சி எருக்குழியிலும் போடமாட்டார்.

கோடையில் ஒரு நாள் அங்கே ஆணி ஒன்று அவர் காலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. சில நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவரால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முதுகு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி, டெட்டனஸ் என்பார்களே, அது. அம்மா அவரைக் காரில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அன்றைக்கு நான் பார்த்த கோலத்தை என் எதிரிகூடப் பார்க்கக் கூடாது.

வாரக்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தார். எலும்பும் தோலுமாகத்தான் வந்தார். ஆள் வந்ததே போதும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து இலைக்கு முன்னால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"என் உடம்புக்கு நன்றி."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் போடச் சொன்ன தடுப்பூசியை மனிதர் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாமென்று வந்துவிட்டார். இங்கே அம்மா எடுத்துச் சொன்னபோதும் அதே கும்பிடுதான்.

"அம்மை போட்டவனுக்கு மறுபடி அம்மை வருமா அம்மா? அந்த விஷத்தோட என் உடம்பு மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கு. இப்பப் போய் ஊசி போட்டா அதை நம்பாத மாதிரி ஆயிரும். நன்றிகெட்டத்தனம் இல்லையா அது?"

அம்மா வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் காலையில், நாளையிலிருந்து தொழுவத்துக்குப் போகிறேன் என்றார் அண்ணாச்சி. இன்னொரு ஆணி போதாதா? நேராக அம்மாவிடம் போனேன்.

"கையைக் காலைக் கட்டியாவது ஊசியைக் குத்துங்க அம்மா. இன்னொரு தடவை என்னால அதைப் பார்க்க முடியாது."

"கட்டிப் போட்டுக் குத்தினா அடுத்த தவணைக்கு வரமாட்டார் செண்பகம்," என்றார் அம்மா. "இன்னிக்கு அவர் மோர்ல வேப்பிலைப் பொடி கலந்து கொடு. விரல் நுனியில ஒட்டுற அளவுதான்."

இதென்ன வைத்தியமோ என்று நினைத்துக்கொண்டே கலந்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி மோரைக் குடித்து முடித்தார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மோர் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"செண்பகம் கை மோருக்கு என்னம்மா குறை?"

"அதுல வேப்பிலைப் பொடி இருந்துச்சு."

அண்ணாச்சி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

அம்மா கையோடு கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி வேப்பிலைப் பொடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். குரு கொடுத்ததாயிற்றே, மறு பேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார். முகம் போன போக்கைப் பார்த்து நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நாளைக்கு யாராவது இதை உங்களுக்குக் கொடுக்க வந்தா?"

"வாசனையிலேயே பிடிச்சிருவேன் அம்மா. வாய் நிறைய இல்ல தின்னிருக்கேன்."

"உங்களை வில்லா வளைச்ச விஷம் மோர்ல கிடந்த அந்தப் பொடியைவிட ரொம்ப ரொம்பக் கம்மி. ஆளைக் கொல்ல அது போதும். உடம்புக்குத் தன்னை அடையாளம் காட்ட அது போதாது. அம்மை அப்படி இல்லை. உடம்பு பூரா பரவி முகத்தைக் காட்டிட்டுத்தான் போகும்."

"அப்ப ஊசியில?"

"அதே விஷம். பல்லைப் பிடுங்கினது. அதனால உடம்பு நல்லாப் பார்த்து வச்சுக்கிற அளவு கொடுக்க முடியும்."

அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் உடம்பு அந்த விஷத்தைப் பார்க்கவே இல்லையா அம்மா?"

"இல்லை."

"ஒண்ணுமே செய்யலையா?"

"மறந்துபோன வேலையை நரம்பு மறுபடி கத்துக்கிட்டுது. அது பெரிய காரியம். அதுக்கு நன்றி சொல்லுங்க. ஆனா சண்டை போட்டது உங்க உடம்பு இல்லை."

"பின்னே யாரு?"

"நரம்புக்குள்ள போன விஷத்தை யாராலயும் எடுக்க முடியாது. அது ஓயற வரைக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க உங்க மூச்சைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. வெளியே திரிஞ்ச விஷத்தை ஒரு மருந்து பிடிச்சுது. போன அன்னிக்கே போட்டாங்க, உங்களுக்கு நினைவிருக்காது. அது மனுஷ ரத்தத்துல இருந்து எடுக்கிற மருந்து. அந்த விஷத்தை அடையாளம் தெரிஞ்ச ரத்தம்."

"யார் ரத்தம்?"

"யாரோ கொஞ்சம் பேர்."

"எந்த ஊரு?"

"தெரியாது."

அண்ணாச்சி இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பவும் அது எனக்குள்ள இருக்கா?"

"அடுத்தவங்க கொடுத்தது எவ்வளவு நாள் தங்கும்? கரைஞ்சுட்டே வருது. சீக்கிரம் சுத்தமாப் போயிரும்."

அண்ணாச்சியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. லாரிக்காரர் அழுது நான் பார்த்ததில்லை.

"பேர்கூடத் தெரியாதவங்க கொடுத்த உயிரை வச்சுக்கிட்டு, தினமும் என் உடம்பையே கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நான் எப்படிம்மா திருப்பிச் செய்வேன்? என் ரத்தத்தை எடுத்துக்கச் சொல்லுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுக்கட்டும். என்னை மாதிரி எவனோ ஒருத்தன் வளைஞ்சு கிடப்பான்ல, அவனுக்குக் கொடுக்கட்டும்."

"இப்ப எடுத்து அவனுக்கு என்ன பிரயோஜனம்? உங்க ரத்தத்துக்குத்தான் அந்த விஷத்தைத் தெரியாதே."

"அவங்க ரத்தத்துக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஊசிக்குக் கையை நீட்டினாங்க, அண்ணாச்சி."