ஒற்றைப் பட்டை வாத்து

பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள வயது ஒரு தடையே இல்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் ஆவுடையப்பன் தன்னைவிட இருபது வயது இளையவரான ஜெபசீலி டீச்சரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர் எல்லைக் கல்லையெல்லாம் சரிபார்த்த கண் இப்போது குளத்து வாத்துகளைச் சரிபார்த்தது.

நியாயமாக அன்று அவர் குளத்துக்கு வந்திருக்கக் கூடாது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகள் கோமதிக்கு, பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் முந்தாநாள் குழந்தை பிறந்திருந்தது. மனைவி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். இவர் பைனாகுலரை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அப்படியொரு பிடிவாதம்.

“டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குத் தலை சுத்துது.”

குளிர்காலத்துக்கு வலசை வந்த வரித்தலை வாத்துக் கூட்டத்துக்கு நடுவே அது நின்றது. பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். இதற்கு ஒன்றுதான் இருந்தது.

“நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.”

“பட்டையைப் பாத்தா வரித்தலை. அலகு சாம்பல் வாத்து மாதிரி தடியா, ரோஸா இருக்கு. கழுத்து ரெண்டுலயும் சேத்தியில்ல. கலப்புதான். ஆனா இதுக்கு அம்மை எது, அப்பன் எது?”

“தெரியல.”

“உங்களுக்கே தெரியலன்னா நான் யார்ட்ட போயிக் கேக்க? இதை எந்த இனத்துல சேக்கது?”



ஆவுடையப்பன் மறுபடி பார்த்தார். காலைப் பார்த்து வரித்தலை என்றார். வாலைப் பார்த்து இல்லை என்றார். பிறகு முதலில் சொன்னதே சரி என்றார், அதையும் அவரே மறுத்தார். வெயில் ஏறிவிட்டது. வாத்து தன்பாட்டுக்கு மற்றவற்றோடு மேய்ந்துகொண்டிருந்தது.

“கோமதி பிள்ளை யாரு ஜாடை அண்ணாச்சி?”

அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“நான் இன்னும் பாக்கல.”

“பொம்பளப் பிள்ளையா?”

“அப்படித்தான் சொன்னாவ.” பைனாகுலரின் திருகை இன்னொரு முறை திருப்பினார். “இது என்னன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேனே டீச்சர். நான் வாரதுக்குள்ள இது பறந்து போயிட்டா?”

“இது பங்குனி வரைக்கும் இங்கதான் கிடக்கும் அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “பச்சப்பிள்ளை ஜாடைதான் தினம் மாறும்.”