வலிக்கிற கால் எது?

வெளிநாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய வேதமாணிக்கம், நாற்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவரானார். ஓடுகிறவர்களின் தசைகளை அளக்கும் ஆய்வுக்கூடம் அது. ஆசிரியை மெஹருன்னிசா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

அன்று வேதமாணிக்கம், முழங்கால் வலியோடு வந்த ஓட்டக்காரப் பெண் பொற்கொடியின் அறிக்கையை நீட்டினார்.

"ஓடும்போது தொடையில வெளித்தசை முந்தி இயங்குது மேடம். உள்தசை பிந்துது. முழங்கால் வலிக்குக் காரணம் இதுதான். ஆறு மாசம் ஓடக் கூடாதுன்னு எழுதிட்டேன்."

"அடுத்த மாசம் அந்தப் பொண்ணுக்கு மாவட்டப் போட்டியாச்சே."

"என்ன செய்ய? படம் சொல்லுதே."

மெஹருன்னிசா கையெழுத்துப் போடவில்லை. சவரக்கத்தியை எடுத்து நீட்டினார்.

"தொடையில முடியை எடுத்துட்டு ஓடுற மெஷின்ல ஏறுங்க சார்."

தினமும் பத்துப் பேரிடம் வேதமாணிக்கமே சொல்கிற வார்த்தைதான். திரைக்குப் பின்னால் போய் மழித்தார். அந்த இடத்தில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓடினார். மூச்சிரைக்க இறங்கியபோது மேஜைமேல் பெயரில்லாத இரண்டு படங்கள் கிடந்தன.

"இதுல வலிக்கிற கால் எது?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டிலும் வெளித்தசைதான் முந்தியிருந்தது.

"ஒண்ணு என்னோடதா?"

"ஆமா. இன்னொண்ணு பொற்கொடியோடது. உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?"

"மழிச்ச இடம்தான் எரியுது."

"வலியில்லாதவங்க யாரையாவது இதுவரைக்கும் அளந்தீங்களா?"

வேதமாணிக்கம் இல்லையென்று தலையாட்டினார். 

"அப்ப வலியை எங்கேதான் தேடுறது மேடம்?"

"வெளியில பெஞ்சில உக்காந்திருக்கு. கூப்பிடுங்க."

பொற்கொடி ஷூவைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். இனி அதற்கு வேலையிருக்காது என்று நினைத்தவள்போல.

"எப்பம்மா வலிக்குது?" என்றார் வேதமாணிக்கம்.

"அஞ்சு கிலோமீட்டர் தாண்டினா சார். அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசமாத்தான் பத்து ஓடுறேன்."

"போட்டி எத்தனை?"

"அஞ்சுதான்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஒயரை ஒட்டிட்டு, பேசாம ஓடுன்னுதானே சார் சொன்னீங்க."

மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். வேதமாணிக்கம் அறிக்கையை நாலாகக் கிழித்தார்.

"தினமும் நாலோட நிறுத்திக்க. போட்டியன்னைக்கு மட்டும் அஞ்சு."

"அப்ப ஓடலாமா சார்?"

"ஓடலாம்மா."

அவள் நின்ற நிலையிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். வேதமாணிக்கம் ஜன்னல் வழியே பார்த்துப் பதறினார்.

"மேடம், பஸ்ஸைப் பிடிக்க ஓடுது!"

"எவ்வளவு தூரம்?"

"நூறு மீட்டர் இருக்கும்."

"நீங்கதானே நாலு கிலோமீட்டர் குடுத்தீங்க? உக்காருங்க சார்."