பின் சீட்டில் ஒரு தூக்கம்

கோத்தகிரியில் சபீனா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்களுடைய பழைய கார்களை விற்றுத் தருவது அவர் தொழில். எந்த வண்டியையும் அவர் விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வதில்லை. கழுவித் துடைத்து, படம் எடுத்து, காகிதங்களைச் சரிபார்த்து, வாங்க ஆள் தேடி, பெயர் மாற்றி முடியும்வரை உரிமையாளரோடு கூடவே இருப்பார். வயது முப்பத்தாறு. அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் தொழில் கற்க வந்த சிகாமணிக்கு ஐம்பத்துமூன்று வயது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் இருபத்திரண்டு வருடம் விற்பனையாளராக இருந்தவர். ஷோரூமை மூடிவிட்டார்கள். சொந்த ஊரான மேட்டுப்பாளையத்திலேயே சபீனா செய்வதுபோலச் சின்னதாக ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவிக்கு நம்பிக்கை இல்லை. மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்று கேட்டிருந்தார். இரண்டு மாதம் போய்விட்டது.

சபீனாவை முதலில் விளையாட்டாகத்தான் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

சபீனா அவரை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் வண்டி மரகதவல்லியுடையது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. விற்றுக் கொடுங்கள் என்று அவரேதான் வந்து கேட்டார்.

ஆனால் பார்க்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். ஒருவர் கதவை அறைந்து சாத்தினாராம். இன்னொருவர் வேறு நிறம் அடிக்கப் போவதாகச் சொன்னாராம். மூன்றாமவரிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் போன பிறகு, அவருக்கு இது சரிப்படாது தம்பி என்று மட்டும் சொன்னார்.

சிகாமணி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் பேசிப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றால் பேட்டரி போய்விடும், டயர் வீணாகிவிடும் என்றார். மரகதவல்லி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். காபி கொடுத்தார். மறுநாளும் வரச் சொன்னார்.

அன்று மாலை சிகாமணி சபீனாவிடம் வந்து நின்றார். சபீனா ஒரு வண்டியின் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விக்க மனசில்லாதவங்க மனசை எப்படி மாத்தறது, வாத்தியாரம்மா?"

சபீனா அந்தக் கண்ணாடியைத் துடைத்து முடித்தார்.

"நாளைக்குக் காலையில அவங்களை அந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போங்கண்ணா."

"எங்கே?"

"அவங்க சொல்ற இடத்துக்கு. நீங்க ஓட்டுங்க. விக்கிற பேச்சை எடுக்காதீங்க."

நாளைக்குப் பதினொரு மணிக்குக் குன்னூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், இதுவரை வந்தவர்களில் அவர்தான் உறுதியான ஆள், அவரை விட்டால் மாதக் கடைசிக்குள் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று சிகாமணி எடுத்துச் சொன்னார். சபீனா கேட்டுக்கொண்டார். அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தார்.

காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். வீட்டுக் கேட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவுத் தேயிலையே தெரியவில்லை. மரகதவல்லி பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு விலகினார். சிகாமணி பின் கதவைத் திறந்துவிட்டார். அவர் சற்றுத் தயங்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்.

எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, கோயம்புத்தூர் ரோடு மட்டும் வேண்டாம் என்றார்.

சிகாமணி கோடநாடு பக்கம் திருப்பினார். விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஓட்டினார். பனி முன்னால் விலகிப் பின்னால் மூடிக்கொண்டே வந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின, வேர் இல்லாமல் நிற்பவைபோல. பஸ் ஒன்று சத்தமாக மட்டும் கடந்து போனது. பூமியில் ஓட்டுகிறோமா என்றே சிகாமணிக்குச் சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் மரகதவல்லி பேசினார். வண்டி வாங்கிய பதினாறு வருடத்தில் இந்தப் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லையாம். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிறுநீரகம் கெட்ட பிறகு நான்கு வருடம், வாரத்துக்கு இரண்டு முறை, டயாலிசிஸுக்கு அவரைக் கீழே கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வந்தார். கணவர் பின்னால் தலையணை வைத்துப் படுத்திருப்பார். ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு உடம்பு உலுக்குமே என்று இவருக்கு உயிர் போகும்.

"இங்கிருந்து பார்த்தா ரோடே தெரியலை தம்பி. மரத்தோட தலை மட்டும்தான் தெரியுது."

அடுத்த வளைவு தாண்டியதும் சிகாமணி கண்ணாடியில் பார்த்தார். மரகதவல்லி தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை, பக்கத்துச் சீட்டின் மேல் கிடந்தது.

நிறுத்தலாமா என்று யோசித்தார். நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று தோன்றியது. கோடநாடு வரை போய்த் திரும்பினார். மறுபடியும் ஒரு கிளைச் சாலையில் இறங்கினார். பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. குன்னூர்க்காரர். முதல் மணியிலேயே அதை அணைத்துவிட்டு, அந்தப் பனிக்குள் தொடர்ந்து ஓட்டினார்.

பன்னிரண்டு மணிக்குப் பனி கலைந்து வெயில் பின் சீட்டில் விழுந்தது. மரகதவல்லி எழுந்து உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சரியாகத் தெரியவில்லையம்மா என்றார் சிகாமணி.

மரகதவல்லி கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து இறங்கினதும், நல்லாத் தூங்கினேன் மரகதம்னு சொல்வார். எனக்காகச் சொல்றார்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொய்யில்லை தம்பி. இங்கே தூக்கம் வருது."

சிகாமணி வழி கேட்டுக் கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறங்கும்போது, வர்றவங்களை வரச் சொல்லுங்க, கொடுத்துடலாம் என்றார் மரகதவல்லி. ஆனால் அன்றைக்கு வர ஆள் இல்லை. குன்னூர்க்காரர் பூட்டிய வீட்டின் முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டு, திட்டி ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போயிருந்தார்.

சிகாமணி அடுத்த மூன்று வாரமும் அலைந்தார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அரவேணுவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் வந்தார். மரகதவல்லி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பின்னால் யார் உட்காருவார்கள் என்று. அம்மாவுக்கு மூட்டு வலி, அவர்தான் என்றார் அந்த மனிதர். மரகதவல்லி உள்ளே போய்ச் சாவியையும், ஒரு தலையணையையும் எடுத்து வந்து கொடுத்தார்.

மூன்று மாதமும் முடிந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன இடம் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டு போக சிகாமணி சபீனாவிடம் வந்தார். மனைவி பாதி மனதோடு சரி என்றிருந்தாள்.

"மனசை எப்படி மாத்தறதுன்னு கேட்டேன். நீங்க சொல்லவே இல்லையே, வாத்தியாரம்மா."

"அவங்க தூங்கிட்டிருந்தப்போ குன்னூர்க்காரர் போன் வந்ததுன்னு சொன்னீங்களே. ஏன் எடுக்கலை?"

"முழிச்சுக்குவாங்களேன்னு."

"வாங்க வந்தவர் போயிடுவாரேன்னு தோணலையா?"

சிகாமணி யோசித்துப் பார்த்தார்.

"அப்போ தோணவே இல்லை."

சபீனா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தோணாத வரைக்கும் கடையைத் திறந்து வையுங்கண்ணா. தோண ஆரம்பிச்ச அன்னைக்கு வாங்க, நீங்க கேட்டதைச் சொல்லித் தர்றேன்."