தொண்ணூறு வோல்ட்

"இது தொண்ணூறு காட்டணும்மா. நூத்தி நாப்பது காட்டுது."

அரங்கநாயகம் பெட்டியை மேசைமேல் வைத்தார். வயது அறுபத்து நான்கு. மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மெஹருன்னிசா அவரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு இருக்கும். பொன்மலையில் ரயில் பாதை ஓரம் ஒரு மாடி அறை. பழைய மின் அளவுக் கருவிகளைப் பிழைக்க வைப்பது தொழில். ஊரில் மீட்டரம்மா என்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. பாதிப் பேர் ஒரே வாரத்தில் ஓடினார்கள். அவள் எதையும் விளக்கமாட்டாள்.

சுவர் முழுக்க மீட்டர்கள். ரயில் போனால் அத்தனை முள்ளும் சேர்ந்து நடுங்கும். பிறகு சேர்ந்து அடங்கும். அந்த அடங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வந்த வேலை மறந்திருக்கிறது.

பெட்டியில் பெயர்த் தகடு இல்லை. யாரோ பிடுங்கியிருந்தார்கள். அவள் ஒரு குமிழைத் திருகினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு திருகாணியை நகத்தால் தடவினாள்.

"சிக்னல் ஜெனரேட்டர். வால்வு போட்டது. அறுபத்து மூணு, அறுபத்து நாலுல செஞ்சிருப்பாங்க. கடைசியா கழட்டின கை யாருது?"

"என்னுதுதான்."

"அவசரக் கை."

அவர் ஒப்புக்கொண்டார். ஏழு ரெசிஸ்டர், நாலு கெபாசிட்டர், ஒரு வால்வு. எதை மாற்றியும் எண் இறங்கவில்லை.

இதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டார். கை வைப்பதற்கு முன்னால் என்றால் சேகரிக்கிறவர்கள் சண்டை போட்டு வாங்கியிருப்பார்கள், இப்போது எடைக்குப் போடலாம் என்றாள். அவர் முகம் சுருங்கியது. விற்க வரவில்லை என்றார்.

"அப்ப தொண்ணூறு எதுக்கு?"

மூடியின் உட்புறத்தைக் காட்டினார். பழுப்பேறிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பேனா எழுத்து. வரிசையாக எண்கள். ஆறாவது வரியில் தொண்ணூறு.

"எங்கண்ணன் எழுத்து."

கதை சின்னது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். கருவிகளைப் பழுது பார்க்கும் கம்பெனி. அண்ணன் திருவேங்கடம் கடைசி மேசை. சரிசெய்த பெட்டியை அளந்து, தாளில் எழுதி, மூடிக்குள் ஒட்டுவார். தம்பி மேற்பார்வை. ஒருநாள் முதலாளி, தம்பி கையில் புது டிஜிட்டல் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். தம்பி அண்ணனுடைய பெட்டிகளை அளந்தார். ஆறாவது வரி இடம் எதிலும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் அளக்காமலே மனம்போல எழுதுகிறார் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். எல்லார் முன்னாலும்.

திருவேங்கடம் அன்றைக்கே வேலையை விட்டார். தம்பியோடு பேச்சையும் விட்டார்.

போன மாதம் பழைய இரும்புக் கடையில் இந்தப் பெட்டி அகப்பட்டது. திருவேங்கடத்துக்கு இப்போது எழுபத்திரண்டு. லால்குடியில் படுக்கையில் கிடக்கிறார். பெட்டி தொண்ணூறு காட்டினால் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்கலாம். அதற்குத்தான் ஏழு ரெசிஸ்டர்.

"அவர் பொய் எழுதினார்னு நினைக்கிறீங்களா?"

"அது இப்ப எதுக்கும்மா. இது தொண்ணூறு காட்டினாப் போதும்."

அவள் மூடியைச் சாத்தினாள்.

"கழட்டினதெல்லாம் எங்க?"

பையிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார்.

"திரும்ப மாட்டுங்க. உங்க கையாலயே."

தினமும் வந்தார். மாட்டினார். அவள் பார்ப்பாள். பற்றவைத்தது பிடிக்காவிட்டால் பிரித்துவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒருநாள் கேட்டார். வயிற்றெரிச்சலோடு பற்றவைத்தால் ஈயம் உருண்டு நிற்கும் ஐயா, அதைப் பாருங்கள் என்றாள். பார்த்தார். உருண்டுதான் நின்றது.

ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் நாள் காலை வேரியாக்கை இழுத்துப் போட்டாள். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும் குமிழ்ப் பெட்டி அது.

"ஒரேயடியா குடுத்தா பழைய கெபாசிட்டர் வெடிக்கும். பத்து வோல்ட்டு. கால் மணி நேரம். அப்புறம் இன்னொரு பத்து."

"இருநூத்தி முப்பது வரைக்குமா?"

"ஆமா."

"சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்."

பத்து. இருபது. முப்பது. அவர் குமிழைத் திருப்புவதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். எழுபதில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டார். நூற்றிருபதில் வால்வின் கண்ணாடிக்குள் மாதுளை முத்து அளவு சிவப்பு தெரிந்தது. பெட்டி லேசாக ஹும் என்றது. வெதுவெதுப்பான தூசி வாசனை. ஜன்னலில் வெயில் ஒரு மீட்டர் கண்ணாடியிலிருந்து அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தது. அதுவும் கால் மணிக்கு ஒரு கண்ணாடி என்று நகர்ந்தது போலிருந்தது.

கண் செருகியது.

சுவரிலிருந்த மீட்டர்கள் எல்லாம் இலையாகத் தொங்கின. அண்ணன் கையில் வாளியோடு நடந்து போனார். அவர் போன பக்கமெல்லாம் முட்கள் திரும்பின. அரங்கநாயகம் பக்கம் ஒரு முள்ளும் திரும்பவில்லை. அண்ணே என்று கூப்பிட வாயைத் திறந்தார். வாயில் ஹும் என்ற சத்தம்தான் வந்தது.

ரயில் போனது. விழித்தார். குமிழ் இருநூற்று முப்பதில் இருந்தது. மிச்சத்தை அவள் ஏற்றியிருந்தாள்.

"அளங்க."

தன் டிஜிட்டல் மீட்டரை எடுத்தார். ஆறாவது வரி சொன்ன இடத்தில் இரண்டு முனையையும் கவ்வ வைத்தார்.

நூற்று நாற்பது.

"எல்லாத்தையும் பழையபடி மாட்டியாச்சு," என்றார். "அப்ப அண்ணன்..."

மூடியிலிருந்த தாளைப் பார்த்தார்.

மெஹருன்னிசா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்பு மீட்டரை எடுத்தாள். முள் மீட்டர். கைப்பிடித் தோல் உரிந்திருந்தது.

"இதுவா? இது தூசியைத்தான் அளக்கும்," என்றார் அரங்கநாயகம்.

அவள் டிஜிட்டல் மீட்டரைக் கழற்றவில்லை. அது இருக்கும்போதே அதே இடத்தில் கறுப்பு மீட்டரின் முனைகளை வைத்தாள்.

முள் மெதுவாக எழுந்தது. தயங்கியது. நின்றது.

தொண்ணூறு.

அரங்கநாயகம் குனிந்து பார்த்தார். பிறகு தன் மீட்டரைப் பார்த்தார்.

அதிலும் தொண்ணூறு.

அவள் கறுப்பு மீட்டரை எடுத்தாள். டிஜிட்டல் எண் மளமளவென்று நூற்று நாற்பதுக்கு ஏறியது. வைத்தாள். தொண்ணூறு. எடுத்தாள். நூற்று நாற்பது.

"இது அளக்கறப்பவே கொஞ்சம் கரண்டைக் குடிக்கும்," என்றாள். "குடிச்சது போக நிக்கறதைக் காட்டும். அந்தக் காலத்துல எல்லார் கையிலயும் இதுதான். அதைத்தான் எழுதுவாங்க. உங்களுது குடிக்காத மீட்டரு."

"அப்ப எதும்மா நிஜம்? தொண்ணூறா, நூத்தி நாப்பதா?"

அவள் இரண்டு மீட்டரையும் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இப்ப எத்தனை?"

அவர் பெட்டியைப் பார்த்தார். வால்வு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அளக்கவில்லை. பெட்டி பாட்டுக்கு ஹும் என்றது.

ஒரு சரக்கு ரயில் முழுசாகக் கடந்து போயிற்று.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அண்ணன் தன் முள் மீட்டரை எங்கிட்ட நீட்டினாரு," என்றார். "வச்சுப் பாருடான்னாரு. நான் கையை நீட்டல."

அவள் பெட்டியை அணைத்தாள். சிவப்பு மெதுவாகக் கரைந்தது.

அவர் எழுந்தார். சூடு ஆறட்டும் என்றுகூட இராமல் பெட்டியைத் துணியில் வைத்துக் கட்டத் தொடங்கினார். கறுப்பு மீட்டரை இரவல் கேட்டார். லால்குடி பஸ் நாலரைக்கு, இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றார். அண்ணன் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றார்.

"நீ எழுதினது சரிதாண்ணேன்னு காட்டிட்டு வந்துடறேன்."

"அது அவருக்குத் தெரியாதா?"

முடிச்சுப் போட்ட கை நின்றது.

அரங்கநாயகம் முடிச்சை அவிழ்த்தார். பெட்டியை மேசைக்குத் தள்ளினார். மீட்டரை அதன்மேல் வைத்தார்.

நாலரை பஸ்ஸுக்கு வெறுங்கையோடு படி இறங்கினார்.