சொல்லாமப் போன புஷ்பம்

வா, வந்து படு. கால ஆட்டாத, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. ம் கொட்டணும், தெரியுதா? நீ ம்ம நிறுத்துனா அத்தை கதைய நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி. ராஜாவும் இல்ல, ராணியும் இல்லடி, ஆஸ்பத்திரிதான். ஏன், ஆஸ்பத்திரிக்குக் கதை இருக்கக் கூடாதா? ஓடு போட்ட பழைய கட்டடம். அதுல எலும்பு ஒடிஞ்ச பொம்பளைங்களுக்குன்னு நீளமா ஒரு வார்டு. அந்தக் காலத்துல இன்னிக்கு மாதிரி சட்டுனு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. கால்ல கயிறு கட்டி, கயித்து நுனியில மணல் மூட்டையத் தொங்கவிட்டு, மாசக்கணக்கா மல்லாக்கப் படுக்க வச்சிருப்பாங்க. முதுகு அரிச்சாக்கூடப் புரள முடியாது. ம் எங்க? ஆங்.

அங்க செண்பகம்னு ஒருத்தி. மழையில பஸ் படியில வழுக்கி விழுந்து தொடையெலும்பு ஒடிஞ்சு வந்தவ. கால்தான் ஒடிஞ்சுது, வாய்க்கு ஒண்ணும் ஆகல. காலையில ரொட்டியும் பாலும் வர்ற வண்டி கடகடன்னு உருண்டு வரும். அப்பவே ஆரம்பிச்சுடுவா. "எந்திரிங்கடி, மாப்பிள்ளை வீட்டு விருந்து வருது!" வார்டே கொல்லுன்னு சிரிக்கும். பக்கத்துக் கட்டில்ல மரியபுஷ்பம், முதுகுல அடிபட்டவ. ஒருத்திக்கு வலி வந்தா மத்தவ பேசிக்கிட்டே இருப்பா. ஊர்க்கதை, மாமியார் கதை, எல்லாம் ஓடும். மருந்து வாடைக்கு நடுவுல அவங்களுக்கு அது ஒரு வீடாவே ஆயிடுச்சு. இப்ப நெனச்சாலும் அவங்களுக்கு ஏக்கமா இருக்கும், அப்படி ஒரு காலம்.

அப்புறம் கேளு. நாம வெளிய கிளம்புறப்ப என்ன சொல்லுவோம்? போய்ட்டு வரேன். "போறேன்"னு சொன்னா அத்தை உன்ன வைவேனா இல்லியா? ஆஸ்பத்திரியில அது தலைகீழ். "வரேன்"னு சொன்னா மறுபடி படுக்க வந்துடுவோம்னு பயம். அதனால வீட்டுக்குப் போறவங்க ஒண்ணும் சொல்லாம, திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிடணும். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தக் கறாரா நடத்துனது யாருங்குற? நம்ம செண்பகந்தான்! யாராச்சும் வாயத் தொறந்தா, "பேசாம நடையக் கட்டுடி"ன்னு அதட்டுவா.

அப்போ ஒரு நாள் புஷ்பத்த வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. மூட்டையக் கட்டிக்கிட்டு, அண்ணன் தோளப் புடிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல நடந்தா. செண்பகம் கண்ணு கொட்டாமப் பார்த்தா. ஒரு வார்த்தை இல்ல. ஒரு பார்வை இல்ல. போயே போயிட்டா. அடப்பாவமே, சட்டம் போட்டவளுக்கே தாங்கல!

அப்புறம் செண்பகம் செவுத்துப் பக்கம் முகத்தத் திருப்பிக்கிட்டா. சிரிப்பும் போச்சு, சோறும் போச்சு. எலும்பு கூடிடுச்சு, மணல் மூட்டையயும் அவுத்துட்டாங்க. ஆனா கால ஊன மாட்டேங்குறா. ஊனாமப் படுத்தே கெடந்தா முட்டி இறுகிப்போயிடும், ஆயுசுக்கும் நடக்க முடியாது. எல்லாருக்கும் அதே கவலை. அவளுக்கோ, நடந்து என்ன ஆகப்போகுது, நம்மள யாரு நெனைக்குறாங்குற நெனப்பு.

மொதல்ல டாக்டர் வந்தாரு. நல்ல மனுஷன்தான், பதறிப்போயி சத்தம் போட்டாரு. அவ அசையல. அப்புறம் அவ புருஷன் தவசி மீன்கொழம்பு வச்சு எடுத்துட்டு வந்தான். "நீ இல்லாம வீடு வீடாவே இல்ல செண்பகம்"னான். "பசிக்கல"ன்னுட்டா. பாவம், அவன் வெளிய போயி தேம்பித் தேம்பி அழுதான்.

அப்புறம் கமலவேணி சிஸ்டர். அந்தம்மா ஒண்ணும் கொண்டு வரல. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, செண்பகத்துக்குத் தலையில எண்ணெய் வச்சு சிக்கெடுத்தாங்க. நடன்னு சொல்லல, சாப்பிடுன்னு சொல்லல. மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும் வந்தாங்க. அப்போதான் ஓன்னு வெடிச்சா பாரு!

"ஒரு தடவ திரும்பிப் பார்த்திருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பா சிஸ்டர்? அவளும் மறந்துட்டா!"

அழாதன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சியா? "அழு தாயி"ன்னு சொல்லிட்டு, அவ அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி உள்ள போச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லுடி. ஆங், அப்படி.

மறுநாள் சாயங்காலம் சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸ விட்டு எறங்குறாங்க, எதுத்தாப்புல கொய்யாப்பழக் கடையோரம் யாரு நிக்குறது? புஷ்பம்! கையில தூக்குவாளி. "உள்ள வாயேன்"னு சிஸ்டர் கூப்பிட்டா, "ஐயோ, மாட்டேன் சிஸ்டர். நான் வந்தா அவளுக்கு ஆகாது. எப்பவும் இங்க நின்னுதான் அவ வார்டப் பார்த்துட்டுப் போவேன்"னு கண்ணு கலங்குறா.

சிஸ்டர் விறுவிறுன்னு வந்து சொன்னாங்க. செண்பகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "கூட்டிட்டு வாங்க சிஸ்டர்!"

"ஆஸ்பத்திரி கேட்டத் தாண்ட மாட்டாளாம். வராண்டாவுக்குப் போனா அங்கேருந்தே தெரிவா. போறியா?"

செண்பகம் கால எறக்கித் தரையில வச்சா. சுரீர்! அம்மாடின்னு உக்காந்துட்டா. மறுபடி எந்திரிச்சா. முட்டி வெடவெடன்னு ஆடுது, தொப்புனு உக்காந்தா. வார்டுல அத்தன பேரும் படுத்த வாக்குல, "எந்திரிடி செண்பகம், எந்திரி!"ங்குறாங்க. மூணாவது தடவ பல்லக் கடிச்சுக்கிட்டு, கட்டிலோரம் இருந்த, ஊனி நடக்குற வாக்கரப் புடிச்சா. டொக்... டொக்... வேர்த்துக் கொட்டுது. சிஸ்டர் பின்னாடியே வர்றாங்க, தொடல. டொக்... டொக்... வந்துடுச்சு வராண்டா.

"ஏண்டி புஷ்பம்! அங்க நின்னா எனக்கு எப்படிடி தெரியும்?"

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தா. தூக்குவாளி டணால்னு விழுந்துச்சு. "அடியே, நீ நிக்குற! செண்பகம், நீ நிக்குறடி!"

செண்பகம் குனிஞ்சு தன் காலப் பார்த்தா. அப்பதான் அவளுக்கே ஒறைச்சுது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருது.

"ஆமாடி, நிக்குறேன். ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாது. சட்டமாவது மண்ணாவது, ஓடி வந்து புடிடி!"

புஷ்பம் ரோட்டத் தாண்டுனா, கேட்டத் தாண்டுனா, முதுகுவலியக்கூட மறந்து ஓடி வந்து அவள இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

ம்? ம் இல்லியா? சரி சரி. அவங்க ரெண்டு பேரும் விடிய விடியப் பேசட்டும், நீ தூங்குடி தங்கம். கதையும் கண்ண மூடிடுச்சு.